காக்காத ஹார்மோன்

ஐந்து வாரமாக என் செல்கள் செத்துக்கொண்டிருந்தன.

தொப்புள்கொடியின் ரத்தக்குழாயிலிருந்து எடுத்த செல்கள் அவை. அதிகச் சர்க்கரையில் வைத்தால் மூன்று நாளில் பாதி செத்துவிடும். கிரெலினைச் சேர்த்தால் பெரும்பாலும் பிழைக்கும். வயிற்றில் சுரந்து பசியைத் தூண்டுகிற ஹார்மோன், சின்னப் பெப்டைடு. பிப்ரவரி வரை என் தட்டுகளில் பிழைத்தன. பிறகு அதைச் சேர்த்தாலும் ஒன்றுதான், சேர்க்காவிட்டாலும் ஒன்றுதான்.

மாதக் கடைசியில் என் ப்ராஜெக்ட் வேலை முடிகிறது. நீட்டிப்பது இந்த முடிவுகளைப் பொறுத்தது என்று லேப் தலைவர் ஸ்ரீகண்டன் சார் முன்பே சொல்லியிருந்தார். போன மீட்டிங்கில், ரூபினிக்குக் கவனம் போதவில்லை, இனி சஹானா செய்யட்டும் என்றார். சஹானா அக்கா செய்தாள். செல்கள் பிழைத்தன.

எனக்குப் பைப்பெட் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவள் அவள். நான் ஜீவனஹள்ளியிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறேன் என்று எனக்கும் சேர்த்து அக்கி ரொட்டி கொண்டுவருவாள். "பசி ஹார்மோனை நீயே குடிச்சிடறியாடி?" என்று கேட்பாள். நானும் சிரித்தேன்.

செவ்வாய்க்கிழமை ஃப்ரீசரைச் சுத்தம் செய்தபோது அவளுடைய அடுக்கில் புதுக் கிரெலின் பெட்டி இருந்தது. வந்த தேதி, என் செல்கள் சாகத் தொடங்கிய அதே வாரம். யாரும் என்னிடம் சொல்லவில்லை. அதில் ஒரு குழாய், என் பெட்டியில் ஒரு குழாய் எடுத்து, இரண்டு தட்டுச் செல்களில் தனித்தனியாகச் சேர்த்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை காலை, புதியது சேர்த்த செல்கள் உயிரோடு இருந்தன. என்னுடையவை இல்லை.

"அக்கா, என் பெட்டிக்கு என்ன ஆச்சு?"

மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள். ஒரு வெள்ளிக்கிழமை வெளியே எடுத்தவள் மறந்துவிட்டாள். திங்கள் வரை மேஜைமேலேயே கிடந்தது. ஹார்மோன் கெட்டிருக்கும் என்று தெரிந்தும் திரும்ப ஃப்ரீசரில் வைத்துவிட்டாள். சாரிடம் மட்டும் அன்றைக்கே சொன்னாள். அவர்தான் புதிது வாங்கிக்கொடுத்தார்.

"எங்கிட்ட?"

"சொல்லலாம்னுதான் இருந்தேன் ரூபி. சார் வேணாம்னுட்டார். நம்ம ரெண்டு பேர்ல ஒருத்தரைத்தான் இனி வெச்சுக்க முடியுமாம்."

"அஞ்சு வாரமும் பார்த்துட்டே இருந்தீங்க."

அவள் மறுபடி குனிந்தாள். மைக்ராஸ்கோப்பில் தட்டு எதுவும் இல்லை.

வெள்ளிக்கிழமைகளில் எல்லோருடைய நோட்டிலும் சார் பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போடுவார். படிக்க மாட்டார். என் தோற்றுப்போன பக்கங்கள் எல்லாவற்றிலும் அவர் கையெழுத்து இருக்கிறது. அன்றைய பக்கத்தில் இரண்டு பெட்டிகளின் தேதியையும், பழையது எத்தனை நாள் வெளியே கிடந்தது, அது யார் யாருக்குத் தெரியும் என்பதையும் எழுதியிருந்தேன். பேனாவை வைத்தவர் நிறுத்தினார். முதல் வரிக்குப் போனார்.

"வெச்சுட்டுப் போம்மா. அப்புறம் பார்க்கறேன்."

அவரிடம் நான் அதுவரை இல்லை என்று சொன்னதில்லை.

"இல்ல சார். படிச்சுட்டுப் போடுங்க. நிக்கறேன்."

அவர் பேனாவை மூடினார். நான் நின்றேன்.