திரும்பி வரும்போது கவிழும் வண்டி

வண்டி மறுபடியும் மல்லாந்து விழுந்தது. நான்கு பெரிய சக்கரங்களும் ஆகாயத்தைப் பார்த்துச் சுற்றிக்கொண்டிருந்தன. அப்பா ரிமோட்டின் விசையை விடாமல் அழுத்திக்கொண்டே நின்றார், விடாமல் அழுத்தினால் அது வெட்கப்பட்டு எழுந்துவிடும் என்பதுபோல.

"கையை எடுங்கப்பா, மோட்டார் கருகிடும்."

"உன் வண்டிதான் சரியில்ல, இன்ஜினியரம்மா. நேத்து என்னமோ சரி பண்ணிட்டேன்னியே?"

நான் இன்ஜினியர் இல்லை. பகலில் மருந்துக்கடையில் பில் போடுகிறேன். மாலையில் இயந்திரப் பராமரிப்பு வகுப்புக்குப் போகிறேன், அதிலும் கடைசி வரிசை. அங்கே சொல்லிக்கொடுத்ததில் எனக்கு முழுதாகப் பிடிபட்டது ஒன்றே ஒன்றுதான்: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, ஓட்டிப் பார், பிறகு அடுத்ததைத் தொடு. எங்கள் வீட்டில் அது நடக்கிற காரியமா? நான் ஒன்றை மாற்றிவிட்டு வகுப்புக்குப் போய்த் திரும்புவதற்குள் அப்பா இரண்டை மாற்றி வைத்திருப்பார். எதனால் என்ன ஆனது என்று கடவுளுக்கே தெரியாது.

அப்பா வேன் ஓட்டுகிறார். ஹோட்டல்களின் அழுக்குத் துணியை எடுத்துப்போய், வெளுத்த துணியைக் கொண்டுவந்து கொடுக்கும் வேலை. போன மாதம் எங்கள் குடியிருப்பின் பின்புறத்தில் வேனைப் பின்னால் எடுத்தபோது, ஒரு சின்ன சைக்கிள் சக்கரத்துக்கு அடியில் போய் அப்பளமாகிவிட்டது. அதை ஓட்டிக்கொண்டிருந்த கீழ்வீட்டுப் பாப்பா, செருப்பு வார் அவிழ்ந்ததென்று அப்போதுதான் இறங்கிப்போய்ச் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். புதுச் சைக்கிள் வாங்கிக் கொடுத்தாயிற்று. அம்மாவுக்குத் தூக்கம்தான் இன்னும் திரும்பவில்லை.

அப்பாவைக் கண் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனோம். கண்ணில் ஒரு குறையும் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அப்பாவைப் பிடிக்க முடியவில்லை. யார் வாயைத் திறந்தாலும் "டாக்டரே சொல்லிட்டாரு" என்று அடைத்துவிடுவார். சாவியைக் கொடுங்கள், நான் ஓட்டுகிறேன் என்று அக்காவின் கணவர் நயமாகவும் கேட்டுப் பார்த்தார், கோபமாகவும் கேட்டுப் பார்த்தார். கடைசியில் எங்கிருந்தோ இந்த ராட்சசப் பொம்மை வண்டியை வாங்கி வந்து குடியிருப்பின் பின்புறத் தரையில் வைத்தார்.

"மாமா, இதை அந்தக் கம்பம் வரைக்கும் ஓட்டிட்டுப் போய், சுத்தி, கவுக்காம உங்க கால்கிட்ட கொண்டுவந்து நிறுத்துங்க. அப்புறம் நான் சாவின்னு ஒரு வார்த்தை பேசினா ஏன்னு கேளுங்க."

அத்தான் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அப்பா சிரிக்கவில்லை. "ஞாயித்துக்கிழமை வாங்க மாப்ள. கவுந்தா சாவி உங்களோடது."

வண்டியைச் சரிசெய்யும் வேலை என் தலையில் விழுந்தது. வாங்கியபடி அது கோபுரம் மாதிரி உயரமாக நின்றது. திரும்பினால் உடல் ஒரு பக்கம் சாயும், உள்பக்கச் சக்கரம் தூக்கும், அவ்வளவுதான். முதலில் ஸ்பிரிங்குகளின் மேலிருந்த பிளாஸ்டிக் வளையங்களைக் கழற்றி உயரத்தைக் குறைத்தேன். காலையில் பார்த்தால் வளையங்கள் மறுபடியும் ஏறியிருந்தன. "குள்ளமா இருந்தா அதுக்கு என்னடி மரியாதை?" என்றார் அப்பா. மறுபடி கழற்றி, வளையங்களை என் கைப்பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போனேன். பிறகு ஷாக் அப்சார்பர்களில் இருந்த எண்ணெயை வடித்துவிட்டுக் கெட்டியான எண்ணெய் ஊற்றினேன். காய்கறி நறுக்கும் பலகையில் வைத்து இதைச் செய்ததற்கு அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

"ஒரு பொம்மைக்கு இத்தனை வைத்தியம். எனக்கு முட்டி வலிக்குதுன்னு வருஷக்கணக்கா சொல்றேன், எவளாவது எண்ணெய் மாத்தினாளா?"

சிமெண்டுத் தரையை டயர் அளவுக்கு மீறிக் கவ்வுகிறது, வழுக்க வேண்டிய நேரத்தில் வழுக்காததால்தான் தூக்கியடிக்கிறது என்று தோன்றியது. டயர்களின் வெளி விளிம்பில் ஒட்டுநாடா சுற்றினேன். ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுத்ததை ரிமோட்டிலிருந்த திருகால் சரிசெய்தேன். இப்போது கையை எடுத்தாலும் வண்டி கோடு போட்டதுபோல் நேராக ஓடியது. நான் ஓட்டியபோது கம்பத்தைச் சுற்றி வந்து சமர்த்தாக நின்றது. அப்பா ஓட்டியபோது கவிழ்ந்தது.

எனக்கு எப்போதும் என் மேல்தான் முதல் சந்தேகம். ஏதோ ஒன்றை விட்டுவிட்டேன் என்று நினைத்து எல்லாத் திருகாணிகளையும் திரும்ப முடுக்கினேன். வியாழக்கிழமைதான் உறைத்தது. போகும்போது அது ஒருநாளும் கவிழவில்லை. திரும்பி வரும்போது மட்டும்தான். வண்டி நம்மைப் பார்த்து வரும்போது அதன் வலது நமக்கு இடது. காலமெல்லாம் வண்டிக்குள் உட்கார்ந்தே ஓட்டியவருக்குக் கை பழைய பக்கமே போகிறது, உடனே பதறி மறுபக்கம் ஒடிக்கிறார். புதிதாக ரிமோட்டைப் பிடிக்கிற எல்லோரும் செய்கிற தப்பு. ஒரு வாக்கியத்தில் சொல்லிவிடலாம்.

நான் சொல்லவில்லை. சொன்னால் அவர் ஜெயித்துவிடுவார். சாவி அவரிடமே இருக்கும். அப்படியானால் நான் ஏன் ராத்திரி பகலாக இந்த வண்டியைச் சீராக்கிக்கொண்டிருக்கிறேன்? அவர் ஜெயிக்கவா, தோற்கவா? எனக்கே தெரியாத எரிச்சலில் எண்ணெயை இன்னொரு முறை மாற்றினேன்.

சனிக்கிழமை அவரே கேட்டார். "போறப்ப விழல. வர்றப்பதான் விழுது. உனக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

"எப்போலேர்ந்து?"

நான் வலது இடது விஷயத்தைச் சொன்னேன். எப்போதிலிருந்து என்பதைச் சொல்லவில்லை.

"நீயும் மாப்ள கட்சிதானா?" என்று கேட்டுவிட்டு ரிமோட்டோடு மாடிப்படி ஏறிப் போனார்.

ஞாயிறு காலை அத்தான் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அம்மா பால்கனியில் நின்றாள், காயப்போட வந்த துண்டைப் பிழியாமலே பிடித்துக்கொண்டு. அப்பா வண்டியை விரட்டினார். தாழ்ந்து, கெட்டியாக, தரையோடு ஒட்டி ஓடியது. கம்பத்தைச் சுற்றியபோது லேசாக வழுக்கியது, சாயவில்லை. எனக்கு வெட்கம்கெட்ட ஒரு பெருமை வந்தது.

வண்டி எங்களைப் பார்த்துத் திரும்பிய அந்த நொடியில் அப்பா சட்டென்று அதற்கு முதுகைக் காட்டி நின்றார். ரிவர்ஸ் எடுக்கும் ஓட்டுநர்போல இடுப்பை வளைத்துத் தோளுக்கு மேலாகப் பின்னால் பார்க்கப் போனார். இப்போது வண்டி பார்க்கும் திசையும் அவர் உடம்பு நிற்கும் திசையும் ஒன்று. வலது வலதுதான்.

"அட, மாமா! மூளைய பாருங்கய்யா!" அத்தான் தோற்பதை மறந்து கைதட்டினார்.

நான் அப்பாவின் பக்கத்தில் நின்றேன். அவர் கழுத்து பக்கவாட்டில் பாதி திரும்பியது. அங்கேயே நின்றுவிட்டது. தாடை இறுகியது, கழுத்து நரம்பு புடைத்தது, மேற்கொண்டு ஒரு விரற்கடைகூடத் திரும்பவில்லை. இடுப்பை இன்னும் வளைத்துப் பார்த்தார். கண்கள், ஒரு குறையும் இல்லாத அந்தக் கண்கள், ஓரத்துக்கு ஒதுங்கி, பக்கத்துச் சுவரில் எதையோ தேடிக்கொண்டிருந்தன. அங்கே எதுவும் இல்லை. இத்தனை நாளும் நாங்கள் எல்லோரும் கண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம், கழுத்தை அல்ல.

வண்டி நட்டநடுவில், நேராக, அவர் குதிகாலைக் குறிவைத்து வந்துகொண்டிருந்தது. அவர் அதை ஓட்டவில்லை. நான் நேராக்கி வைத்ததால் அது தானாக வந்தது.

"வருதா?" என்றார் அப்பா, உதடு அசையாமல், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

அவர் விரல் விசையை அழுத்தியபடியே இருந்தது. சிமெண்டுத் தரையில் டயர்களின் உறுமல் பெரிதாகிக்கொண்டே வந்தது.