நிலைக்காலில் வெட்டிய கோடுகள்

மூன்று மாதமாகக் கிழவர் மிலுட்டினுக்காக நகராட்சியில் சண்டை போட்டுவந்த நலப்பணியாளர் வாஹிதா, அவர் வீட்டுக்குள் நுழைவது இதுதான் முதல் தடவை. எப்போதும் முற்றத்துப் பிளம் மரத்தடியிலேயே உட்கார வைத்துப் பேசி அனுப்பிவிடுவார். இன்று மழை. தினமும் ஒரு தாதி வந்து பார்த்துக்கொள்வதற்கான படிவம் மாலைக்குள் அலுவலகம் போய்ச் சேர வேண்டும். தவறினால், கண் போன அந்த மனிதர் இந்தக் குளிர்காலத்தையும் தனியாகத்தான் கழிக்க வேண்டும்.

"எனக்கு எதுக்கு மகளே தாதி? கல்லறைக் கல்லுகூட வெட்டி வச்சாச்சு. சாகிற வருஷத்தோட முதல் ரெண்டு எண்ணை முன்கூட்டியே பத்தொன்பதுன்னு வெட்டிட்டான் அந்த முட்டாள் கொத்தன். ரெண்டாயிரம் தாண்டியாச்சு, இப்ப நான் செத்தா கல்லு பொய் சொல்லும்."

"அதுக்காகவாவது இன்னும் கொஞ்ச நாள் இருங்க, மாமா."

அவர் சிரித்துக்கொண்டே காபி போட எழுந்தார். கை காற்றில் துழாவிச் சமையலறை வாசலின் நிலைக்காலைத் தொட்டது. அதில் இருந்த ஒரு வெட்டை விரல் கண்டுபிடித்ததும் சரியாகத் திரும்பி உள்ளே போனார்.

படிவத்தில் அடுத்த கேள்வி, கதவுகளும் ஜன்னல்களும் எப்படி இருக்கின்றன என்பது. பார்க்க எழுந்தாள்.

பழுப்பு வண்ணத்துக்கு அடியில் கத்தியால் வெட்டிய கோடுகள். மேல் கோட்டின் பக்கத்தில், நெர்மின், 91. ஒரு சாண் கீழே, வாஹிதா, 91.

அப்பாவின் எழுத்து. அந்த வருடப் பெருநாள் காலையில் அண்ணனையும் அவளையும் நிற்க வைத்து வெட்டியது. நெர்மின் குதிகாலை உயர்த்தியதற்குத் தலையில் குட்டு வாங்கினான்.

போர் முடிந்து, ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த தன் ஊருக்கு அவள் திரும்பிப் போனபோது அவர்கள் வீட்டில் சுவர் மட்டுமே இருந்தது. கதவு, நிலை, சுவருக்குள் ஓடிய மின்கம்பி எதுவும் இல்லை. நெர்மினும் இல்லை.

பேனா கீழே விழுந்தது. அவள் குனியவில்லை.

"என்ன சத்தம்?"

"இந்த நிலை எங்க வாங்கினீங்க?"

"தொண்ணூத்தி மூணுல. லாரியில வித்தாங்க. ரெண்டு மூட்டை உருளைக்கிழங்கு குடுத்தேன். எல்லாரும்தான் வாங்கினாங்க."

"அப்ப உங்களுக்குக் கண்ணு தெரிஞ்சுது."

அடுப்பில் காபி பொங்கி வழிந்தது. அவர் அதை இறக்கவில்லை.

"பசங்க பேருன்னு தெரியும்," என்றார். "யாரு பசங்கன்னு கேக்கல. ரெண்டு தடவை பெயிண்ட் அடிச்சேன். போகல."

"கீழே இருக்கிறது நான்."

கிழவர் சுவரில் சாய்ந்தார். மழை ஓட்டின் மேல் விழுந்துகொண்டே இருந்தது.

"மேல இருக்கிற பையன்?"

"இன்னும் கிடைக்கல. எலும்புகூட."

அவர் விரல்களைத் தன் சட்டையில் துடைத்தார், அவற்றில் ஏதோ ஒட்டியிருப்பதுபோல. "என் பேரை அடிச்சிடு. அந்தத் தாதியை வேற யாருக்காவது அனுப்பு. இதைப் பெயர்த்து எடுத்துட்டுப் போ."

போய்விடலாம் என்றுதான் அவளுக்கும் தோன்றியது. படிவத்தைக் கிழிக்கக்கூட வேண்டாம், பையிலேயே வைத்திருந்தால் போதும், மாலை தாண்டிவிடும். நின்றாள். வழிந்த காபி அடுப்பில் கருகும் வாசனை வந்தது. பிறகு பேனாவை எடுத்து, கதவுகள் என்ற இடத்தில் 'நன்றாக உள்ளன' என்று எழுதினாள். எழுத்து கோணியது.

"கையெழுத்து வேணும். வாங்க."

அவர் கிளம்பினார். சமையலறை வாசலுக்கு வந்ததும் கையை மார்போடு ஒட்டி வைத்துக்கொண்டார், நிலையைத் தொடவில்லை. திசை தவறி, தோள் சுவரில் மோதியது. மறுபடி முயன்றார். மறுபடி மோதினார்.

வாஹிதா அந்தக் கையைப் பிடித்து நிலைக்காலில் வைத்தாள். நெர்மினின் கோட்டில் அல்ல. அங்கே வைக்க அவளால் முடியவில்லை. ஒரு சாண் கீழே, தன் கோட்டில்.