கல்லறைக்கு ஒரு வரி

என் தம்பியின் கல்லறைக்கு வாசகம் எழுதிக் கொடுத்தவன் நான். எங்கள் குடும்பத்தில் கல்யாணமோ சாவோ, நாலு பேர் படிக்கும் எழுத்து என் கையைத் தாண்டித்தான் வெளியே போகும். ‘அன்பே உருவான தகப்பன்’ என்று எழுதினேன். கல் செதுக்குகிறவர் அதைக் கருங்கல்மேல் சுண்ணக்கட்டியால் எழுதி, பிழை பார்க்கக் கூப்பிட்டார். தம்பிக்கு ஒரே மகள். அவளும் பார்ப்பதுதான் முறை என்று வரச்சொல்லியிருந்தேன்.

அவள் குனிந்து படித்தாள். கைப்பையைத் தோளில் ஏற்றிக்கொண்டாள்.

“எழுத்துப் பிழை இல்ல பெரியப்பா. ஆனா இது பொய். இந்தக் கல்லு முன்னாடி என்னால நிக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை கல்லு நடற ஜெபத்துக்கு நான் வரல.”

“செத்தவன்மேல சேத்தை வாரி இறைக்கச் சொல்றியா?”

“பெல்ட்டால அடிச்சார்னு எழுதவா சொன்னேன்? நான் யார்கிட்டயும் சொன்னதில்ல, சொல்லவும் போறதில்ல. பொய்ய மட்டும் வெட்டாதீங்க.”

குரலை உயர்த்தாமல் சொல்லிவிட்டுப் போனாள். அதுதான் எனக்கு அதிகமாகச் சுட்டது.

கல் செதுக்குகிறவர் உளியைத் துடைத்தார். “முப்பது வருஷமா வெட்டறேன் ஐயா. கல்லுங்களை நம்பினா, இந்த ஊர்ல ஒரு கெட்டவன்கூடச் செத்ததில்ல.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. “நான் சொல்ற வரைக்கும் உளி வைக்காதீங்க” என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

“கல்லு பாக்கப் போனீங்களா, கல்லாவே ஆகிட்டு வந்தீங்களா?” என்றாள் என் மனைவி. நடந்ததைச் சொன்னேன். காய் நறுக்குவதை நிறுத்தாமலே கேட்டாள்: “அவங்க வீட்டு மாடியில பன்னிரண்டு வருஷம் இருந்தோம். உங்களுக்குக் கேக்கலயா?”

கேட்டது. சாயங்கால ஜெபத்துக்கு வேதத்தை விரித்து வைத்திருப்பேன். கீழே அந்தக் குழந்தை அழும். எழுந்து போய் ஜன்னலைச் சாத்துவேன். குடும்ப மானம் தெருவுக்குப் போகக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். கல் பார்த்து வந்த அன்று சாயங்காலம், ஜன்னலைச் சாத்திய அந்த மனுஷனோடு ஜெபத்தில் உட்கார என்னால் முடியவில்லை.

மறுநாள் காலையில் தம்பி மகள் வீட்டுக்குப் போனேன். பிள்ளைகளின் சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். நான் உட்காரவில்லை.

“எனக்குக் கேட்டுச்சும்மா. ஒவ்வொரு தடவையும் கேட்டுச்சு. நான் ஜன்னலைச் சாத்தினேன். என்னை மன்னிச்சிடு.”

வாரா வாரம் ஆலயத்தில் முழங்காலிட்டு மன்னிப்புக் கேட்கிறவன்தான். என்னைவிட இளையவள் ஒருத்தியின் முகத்தைப் பார்த்துக் கேட்டது அதுவே முதல் தடவை.

அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

“உக்காருங்க பெரியப்பா. மன்னிச்சுட்டேன்னு இப்பவே சொன்னா அதுவும் பொய்யாப் போயிடும். மன்னிக்கணும்னு ஆசைப்படறேன். அதுக்கு நானும் ஜெபம் பண்றேன்.”

“எனக்கு அது போதும்.” உட்கார்ந்த பிறகு கேட்டேன்: “கல்லுல என்னம்மா போடறது?”

சீருடையை மடித்து ஓரமாக வைத்தாள். “கடைசி ஆறு மாசம் அவரைக் குளிப்பாட்டி, ஊட்டிவிட்டது நான். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தல. ‘மகள் நேசித்த தகப்பன்’னு போடுங்க. அது நெஜம்.”

அங்கிருந்து நேராகக் கல் செதுக்குகிறவரிடம் போய், என் வாசகத்தை என் கைக்குட்டையாலேயே அழித்துவிட்டு அவளுடையதை எழுதச் சொன்னேன். உளி விழும்வரை நின்றேன்.

மத்தியானத்துக்குள் என் தங்கைக்குச் செய்தி போய்விட்டது. போனில் பொரிந்தாள்.

“என்னண்ணா இது? ‘மகள் நேசித்த’ன்னா, அவன் நேசிக்கலன்னுதானே ஆகுது? ஆளாளுக்குக் கேப்பாங்க. நான் என்ன பதில் சொல்றது?”

“நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம். கேக்கறவங்களை என்கிட்ட அனுப்பு.”

“நீங்க என்ன சொல்வீங்க?”

“வாய் திறக்க வேண்டிய காலத்துல மூத்தவன் திறக்கல, தப்பு என்மேல, அதுக்கு மேல கேக்காதீங்கன்னு சொல்வேன்.”

ஞாயிற்றுக்கிழமை எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டாள்.

“பத்துக்கு. அவ வந்து நின்ன பிறகுதான் ஜெபத்தை ஆரம்பிப்பேன்.”