டேப்பின் நுனி

எல்லோரும் மீசை என்று கூப்பிடும், அவள் கணவனின் லாரிக்காரக் கூட்டாளி அந்தத் தகரப் பெட்டியைக் கூடத்து மூலையில் வைத்துவிட்டுக் கைகளைத் துண்டில் துடைத்துக்கொண்டார். காலையில் அடக்கம் முடிந்து, வந்த சனமெல்லாம் மதியத்துக்குள் கலைந்திருந்தது. லாரியிலிருந்து எடுத்துவந்த போர்வை, செருப்பு, தண்ணீர் கேன் என்று ஒவ்வொன்றாக இறக்கியவர், பெட்டியை மட்டும் கடைசிக்கு வைத்திருந்தார்.

"தூக்கத்துலயே போயிட்டான் தங்கச்சி. அவனுக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்காது."

நேற்றிலிருந்து இதைப் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பார். அவள் தலையாட்டினாள். கண் பெட்டியை விட்டு அகலவில்லை.

பழைய பிஸ்கட் டின் அது. மூடியில் சிவப்பு நெயில் பாலிஷில் அவள் வரைந்த கூட்டல் குறி. கணவன் லோடு ஏற்றிக் கிளம்பும் ஒவ்வொரு முறையும் அதை நிரப்பிக் கொடுப்பது அவள் வேலை. காய்ச்சலுக்கு, தலைவலிக்கு, வயிற்றுப்போக்குக்கு, வெட்டுக்காயத்துக்கு, தீப்புண்ணுக்கு என்று ஒரு குட்டி மருந்துக்கடையே அதற்குள் இருக்கும். ஒருமுறை வழியில் வண்டி குலுங்கி இருமல் மருந்து பாட்டில் உடைந்து, பஞ்சும் கட்டுத்துணியும் பிசுபிசுவென்று வீடு திரும்பின. அன்றைக்குப் பிடித்தது அவளுக்கு டேப் பைத்தியம். எதுவானாலும் பிளாஸ்டிக் கவரில் போட்டு, மேலே டேப்பால் ஏழு சுற்று.

"கத்திரிக்கோலுக்கும் டேப் சுத்துற ஒரே கம்பவுண்டர் நீதான்டி" என்பான் அவன். "இதைப் பிரிக்க இன்னொரு கத்திரிக்கோலை எங்க வச்சிருக்க?"

"முனை குத்திடும்ல. உங்களுக்கு நகம் எதுக்கு இருக்கு?"

"ஸ்டியரிங் பிடிக்கிறவனுக்கு நகம் ஏது?" என்று இரண்டு கைகளையும் விரித்துக் காட்டுவான். அதற்கும் சிரித்துவிட்டு எட்டாவது சுற்றும் சுற்றியிருக்கிறாள்.

மூன்று மாதத்துக்கு முன் டாக்டர் அவனுக்கு ஒரு சின்ன பாட்டில் மாத்திரை எழுதிக் கொடுத்தார். நெஞ்சை அடைத்தால் உடனே ஒன்றை நாக்குக்கு அடியில் வைக்க வேண்டும், எப்போதும் சட்டைப் பையிலேயே இருக்கட்டும் என்றார். அவன் சட்டையோ எந்நேரமும் வேர்வையில் தெப்பமாக இருக்கும். மாத்திரை நமத்துப் போய்விடுமே என்று அவளுக்குப் பயம். பாட்டிலைப் பையிலிருந்து எடுத்து, கவரில் போட்டு, டேப் சுற்றி, பெட்டியின் அடியில் இடது மூலையில் பத்திரமாக வைத்தாள். டாக்டரை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நேற்று விடிந்தும் விடியாததுமாகச் சேதி வந்தது. ஒரு தொழிற்சாலை வாசலில் சரக்கு இறக்குவதற்காக லாரிகள் வரிசையில் நின்றிருக்கின்றன. பின்னால் நின்ற லாரியிலிருந்து மீசை டீ வாங்கிக்கொண்டு போய்க் கதவைத் தட்டியிருக்கிறார். அவன் எழுந்திருக்கவில்லை.

அழுகையினூடே அவளைக் குடைந்தது ஒரே கேள்விதான். பெட்டியைத் தேடினானா? தூக்கத்தில் போயிருந்தால் தேடியிருக்க மாட்டான். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று அவள் வேண்டாத தெய்வமில்லை.

"பெட்டி எங்கண்ணே இருந்துச்சு?"

மீசை ஜன்னல் பக்கம் பார்த்தார். "எப்பவும் இருக்குற எடத்துலதான். சீட்டுக்குப் பின்னாடி."

அவள் மூடியைத் திறந்தாள்.

யாரோ அள்ளிப் போட்டு அடுக்கியிருந்தார்கள். தெர்மாமீட்டர் தலைகீழாகக் கிடந்தது. அடியில் இருக்க வேண்டிய நெஞ்சுவலிப் பொட்டலம் எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது. அதன் டேப் நுனி ஒரு விரற்கடை பிரிந்து சுருண்டிருந்தது. ஓரத்தில் பல் பதிந்த தடம். பக்கத்தில் கத்திரிக்கோல் பொட்டலம். அதில் இரண்டு சுற்றுகள் பிரிந்திருந்தன. மீதி அப்படியே இருந்தது.

வாய்விட்டுக் கத்திவிடுவோமோ என்று பயந்து உதட்டைக் கடித்துக்கொண்டாள். நிமிர்ந்தபோது மீசையின் கண்கள் கலங்கியிருந்தன. எட்டு மணி நேரம் வண்டி ஓட்டி வரும் வழியெல்லாம் இந்தப் பொய்யை அவர் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்திருக்க வேண்டும்.

அவள் மூடியைச் சாத்தினாள்.

"திறக்கவே இல்லண்ணே. நான் வச்சது வச்சபடி இருக்கு."

"அதாம்மா நானும் சொன்னேன்" என்றார். படியிறங்கிச் செருப்பை மாட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

வீடு ஓவென்று கிடந்தது. இனி இதை யாரிடமும் சொல்லி அழ முடியாது என்று அவளுக்குப் புரிந்தது. சொல்லக்கூடிய ஒரே ஆள் அவன்தான்.

"அம்மாடி" என்று உள்ளறையிலிருந்து நாத்தனார் வந்தாள். தம்பிக்காக அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. கையில் ஒரு தம்ளர் தண்ணீர். "மண்டை வெடிக்குதும்மா. தம்பி பெட்டியில தலைவலி மாத்திரை இருக்குமே, ஒண்ணு எடுத்துக் குடேன்."

அவள் மறுபடியும் பெட்டியைத் திறந்து தலைவலிப் பொட்டலத்தை எடுத்தாள். நுனி எங்கே என்று நகத்தால் தடவினாள். அகப்படவில்லை. திருப்பிப் போட்டுத் தடவினாள். அகப்பட்டதும் பாதியில் கிழிந்து மறுபடி ஒட்டிக்கொண்டது. பல்லால் கடித்து இழுத்தாள்.

"எதுக்கும்மா இத்தனை சுத்து சுத்தி வச்சிருக்க?"

"இதோ அண்ணி" என்றாள். "இதோ வந்துடும்."

நாத்தனார் ஒரு கையால் நெற்றியை அழுத்திக்கொண்டு, மறுகையில் தண்ணீரோடு நின்றுகொண்டிருந்தாள்.