நாரின் உறைகள்

நாரின் ஊர்ச் சோதனை மையத்தில் புது மருந்து வாங்கியவர்கள் எல்லோரும் கிழவர்களாக இருந்தார்கள். பழைய ஊசி மருந்து இளையவர்களுக்கு. மற்ற இரண்டு ஊர்களான பிஷ்கெக்கிலும் ஓஷிலும் வயது இரண்டு பக்கமும் கலந்திருந்தது. யாருக்கு எது என்பதை மூடிய உறைக்குள் இருக்கும் குலுக்கல் சீட்டுதான் சொல்லும்; குலுக்கல் இப்படி விழாது.

மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய்க்கு இங்கே இரண்டு வருட வைத்தியம். புதியது ஆறு மாதம், வெறும் மாத்திரை. எது மேல் என்று மூன்று ஊர்களில் சோதித்தோம். கணக்கு என் வேலை. என் மனைவி ஜிபெக்குக்கு ஊசிதான் போட்டார்கள். முதலில் காது போனது. இரண்டாவது குளிர்காலத்தில் அவள் போனாள். சோதனை அதற்குப் பிறகு தொடங்கியது.

நாரினுக்குப் போன் போட்டேன். அந்த மையத்து டாக்டர் தொலோகோன் எடுத்தார்.

"அண்ணே, உறையை வரிசையாத்தானே பிரிக்கிறீங்க?"

"பிரிச்சு, உள்ள என்னன்னு பாத்துட்டுக் கொடுக்கிறேன்."

"பாத்துட்டா?"

"பின்ன? ஊசி இல்லாததுதான் நல்லதுன்னு குழந்தைக்கும் தெரியும். விருந்துல தாடி நரைச்சவர் உக்காந்திருக்கப்போ, பெரியவருக்குன்னு இருக்கிற ஆட்டுத்தலையை இளவட்டத்துக்கா வைப்பே?"

"இது விருந்து இல்லண்ணே."

"உன் அப்பா வந்து நின்னாலும் இப்படித்தான் சொல்லுவியா?"

போனை வைத்தேன். சோதனைத் தலைவர் சாயிரா ஒமுரோவ்னாவிடம் போனேன்.

"நாரினைக் கணக்குலேருந்து தூக்கிடு," என்றார்.

"தூக்கினா ஆள் பத்தாது. முடிவு சொல்ல முடியாது. அமைச்சகம் ஊசியையே தொடரும்."

"தூக்கலேன்னா ஒருத்தனும் நம்பமாட்டான். தொலோகோனைப் புது ஆளுங்களைச் சேர்க்கச் சொல்லு. உறை மட்டும் அவன் கையில வேண்டாம்."

இனி ஒவ்வொரு நோயாளிக்கும் தொலோகோன் எனக்குப் போன் செய்ய வேண்டும். கணினி குலுக்கிக் காட்டுவதை நான் படிப்பேன். முதல் ஆள் ஒரு கிழவர். ஊசி விழுந்தது.

"எழுபது வயசு மனுஷன்டா. இன்னொரு தடவை அமுக்கிப் பாரேன்."

"ஒரு தடவைதான்ணே."

என்னைத் திட்டினார். கணினியைத் திட்டினார். ஊசியைப் போட்டார். கோடையில் நோயாளிகள் ஆடுகளோடு மேய்ச்சல் மலைக்கு ஏறிப் போனபோது, சளி மாதிரி எடுக்கக் குதிரையில் பின்னாலேயே போனார். ஒருவரையும் தவறவிடவில்லை.

முடிவைத் திறந்த அன்று அறையில் எல்லோரும் நின்றோம். பழையதில் பத்துக்கு ஆறு பேர் குணம். புதியதில் ஒன்பது பேர்.

"கணக்கை மறுபடி ஓட்டு," என்றார் சாயிரா ஒமுரோவ்னா.

ஓட்டினேன். அதேதான். விலக்கி வைத்த நாரின் கிழவர்களைத் தனியே பார்த்தோம். அவர்களிலும் பெரும்பாலோர் தேறியிருந்தார்கள். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். பத்து வருடத்தில் அவர் பல்லை அன்றுதான் பார்த்தேன்.

"இனி எவனாலயும் இதை அசைக்க முடியாது. யாராவது போய் ஒரு கேக் வாங்கிட்டு வாங்க, பெருசா."

இலையுதிர் காலத்தில் ஊசியை நிறுத்தச் சொல்லி அமைச்சகத்தின் ஆணை வந்தது. அன்று மாலை தொலோகோன் கூப்பிட்டார்.

"கிடங்குல ஊசி மருந்து குவிஞ்சு கிடக்கு. என்ன பண்ண?"

"திருப்பி அனுப்பிடுங்கண்ணே."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

போனை வைக்காமலே அவர் வண்டியைக் கொண்டுவரச் சொன்னார். பெட்டிகள் ஏறும் சத்தம் கேட்டது. கடைசிப் பெட்டி வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.