எண் இருந்த இடம்

பதினொரு மணிக்கு விசாரணைக் கூட்டம். ஒன்பதே காலுக்கு ஆய்வுக்கூடத்துப் பெண் கறுப்புக் கிண்ணத்தைப் பெட்டியோடு அணைத்துக்கொண்டு கிடங்குப் படிகளில் இறங்கினாள். சோதனை முடிந்ததைக் கிடங்கில் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன் அந்தக் கிண்ணத்தைக் குழியிலிருந்து எடுத்தவள் அவளுடைய நாத்தனார். மண்பாண்டத்தின் மேல் மரப்பாலைப் பூசி மெருகேற்றிய, இரண்டாயிரம் வருஷத்துக் கிண்ணம். போன மாதம் யாரோ ஒரு மொட்டைக் கடிதம் போட்டார்கள். மண்ணுக்குள் கிடந்தது இப்படி மினுங்குமா, கடை வார்னிஷைப் பூசிப் புதைத்து எடுத்த பொய் இது என்று. அருங்காட்சியகக் காப்பாட்சியருக்கும் நாத்தனாருக்கும் ஏற்கெனவே ஏழாம் பொருத்தம். பூச்சைச் சோதிக்க உடனே உத்தரவு போட்டார். நான் சொந்தக்காரி, என்னை விட்டுவிடுங்கள் என்று இவள் சொல்லிப் பார்த்தாள். அந்த இயந்திரத்தை இயக்கத் தெரிந்தவர் வேறு யாரும் இல்லை.

நேற்று முடிவு வந்தது. பூச்சில் இருந்தது மரப்பால் இல்லை. இந்தக் காலத்துச் செயற்கைப் பிசின். தாளை ஒப்படைத்துவிட்டு வீட்டுக்குப் போனவள், இரவு சோற்றை அளைந்துகொண்டே உட்கார்ந்திருந்தாள். உடம்பு சரியில்லையா என்று கணவன் கேட்டான். உன் அக்காவின் வேலை நாளை போய்விடும், அவள் தோண்டிய மற்றக் குழிகளின் பேரும் கெட்டுவிடும் என்று எந்த வாயால் சொல்வது?

கிடங்குக்காரரை எல்லோரும் சாவிக்கொத்து என்றுதான் கூப்பிடுவார்கள். ஆள் வருமுன் சத்தம் வந்துவிடும். எந்தப் பாண்டத்தைக் கொடுத்தாலும் முகத்தைப் பார்க்கமாட்டார், கவிழ்த்து அடியைத்தான் பார்ப்பார். இப்போதும் அப்படித்தான் பார்த்தார்.

"யாரும்மா இங்க சுரண்டினது?"

"நான்தான். வெளியில தெரியாத இடமா இருக்கட்டும்னு அடியில எடுத்தேன்."

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "பழைய நம்பர் இருந்த இடமாச்சே இது."

ஒவ்வொரு பாண்டத்தின் அடியிலும் பதிவு எண் எழுதுவார்கள், ஆனால் மை நேராகப் படக்கூடாது. முதலில் நிறமில்லாத செயற்கைப் பிசினை ஒரு கோடாக இழுப்பார்கள். காய்ந்ததும் எண்ணை எழுதி, மேலே இன்னொரு பூச்சு. ஏழு வருஷத்துக்கு முன் எண் முறை மாறியபோது, பழையதைத் துடைத்துவிட்டுப் பக்கத்தில் புதியதை எழுதினார்களாம். மை போய்விடும், நகப்பூச்சு மாதிரி ஒட்டின பிசின் எங்கே முழுசாய்ப் போகும் என்று அவர் சாதாரணமாகச் சொன்னார். புதிய எண்ணில் படாமல் இரண்டு விரல் தள்ளி, அத்தனை ஜாக்கிரதையாக அல்லவா சுரண்டியிருந்தாள்.

அறையை இருட்டாக்கிப் புற ஊதா விளக்கைப் பிடித்தாள். கறுப்பு அடியில் விரல் நீளத்துக்கு ஒரு பட்டை நீலமாய் ஒளிர்ந்தது. அதன் நட்டநடுவில் ஊசிமுனை அளவு இருட்டு. அவள் சுரண்டிய இடம்.

இனி மறுபடி சுரண்டினால் யார் நம்புவார்கள்? நாத்தனாருக்காக முடிவை மாற்றிவிட்டாள் என்பார்கள். அவள் நின்ற நிலையைப் பார்த்து சாவிக்கொத்து உள்ளே போனார். வரும்போது கையில் ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பி இருந்தது. குழியிலிருந்து தூக்கிய அன்று உதிர்ந்த செதில். எண்ணும் பிசினும் படுவதற்கு முன்பே மூடி முத்திரை வைத்தது. ஒன்றே ஒன்று, கடுகில் பாதி. குப்பியில் கட்டிய அட்டையிலிருந்த கையெழுத்தைப் பார்த்ததும் அவள் படிகளை இரண்டிரண்டாகத் தாண்டினாள்.

கூட்டத்தில் நின்றபடியே தன் தவற்றைச் சொன்னாள். காப்பாட்சியர் சாய்ந்து உட்கார்ந்தார்.

"நேத்து ஒரு ரிசல்ட், இன்னைக்கு ஒரு ரிசல்ட். நாளைக்கு உங்க வீட்டுக்காரர் வந்து ஒண்ணு சொல்வாரா?"

குழுவிலிருந்த மற்ற இருவரும் மேசையைப் பார்த்தார்கள். ஓரத்து நாற்காலியில் நாத்தனார் மடியில் கோத்த கையைப் பிரிக்கவேயில்லை. இவள் குப்பியை மேசைமேல் வைத்தாள்.

"கையெழுத்து உங்களோடது சார். நீங்களே பிரிச்சு நீங்களே மெஷின்ல வைங்க. நான் தொடலை."

அவர் கையெழுத்தை வெகுநேரம் பார்த்தார். அப்போது அவரும் அதே குழியில் மண் சுமந்தவர்தான். குப்பியை எடுத்துக்கொண்டு ஆய்வுக்கூடத்துக்கு நடந்தார், எல்லோரும் பின்னால் போனார்கள்.

இயந்திரம் செதிலை நொடியில் சுட்டு ஆவியாக்கி, ஆவியில் இருப்பதை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கோடாக வரைந்து காட்டும். சுட்டால் செதில் திரும்ப வராது. தவறினாலும் வராது. காப்பாட்சியர் இடுக்கியால் செதிலை எடுத்தார். அது நழுவி வெள்ளைத் தாளில் விழுந்தது.

"பதறாதீங்க," என்றாள் நாத்தனார், அன்று காலையில் முதல்முறையாக வாய் திறந்து. "அன்னைக்கும் இதைப் பொறுக்கினது நீங்கதான்."

இரண்டாம் முறை செதில் நழுவவில்லை.

செயற்கைப் பிசின் இருந்தால் நாலாவது நிமிஷத்தில் கோடு எழும். நாலு போனது. ஐந்து போனது. கோடு தரையோடு தரையாகப் படுத்துக் கிடந்தது. இருபத்தெட்டாவது நிமிஷத்தில் மெல்ல ஒரு மேடு எழுந்தது, அதன் பக்கத்தில் இன்னொன்று, அப்புறம் வரிசையாக. மரப்பாலின் மாதிரி வரைபடத்தை அவள் பக்கத்தில் வைத்தாள். ஒவ்வொரு மேடாக விரல் வைத்து ஒப்பிட்டது காப்பாட்சியர்தான். கடைசி மேடு வரை பார்த்துவிட்டு, மொட்டைக் கடிதம் நிற்காது என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தார். நேற்றைய தவற்றுக்கு எழுத்தில் விளக்கம் வேண்டும் என்று கதவருகே நின்று இவளிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அவள் அறிக்கையைத் திறந்தாள். "மாதிரி எடுத்த இடம் தவறு. எடுத்தவள் நான்" என்று தட்டினாள். நாத்தனார் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"முதல் வரியிலயே போடணுமா?"

"போடணும் அண்ணி."

நாத்தனார் நாற்காலியை இன்னும் கிட்டே நகர்த்தினாள். "அப்ப ரெண்டாவது வரி நான் சொல்றேன், நீ தட்டு. அந்தப் பழைய நம்பரைத் துடைச்சது நான். மதியத்துக்குள்ள நூறு பாண்டம் முடிக்கணும்னு அரைகுறையா துடைச்சேன்."