திருகின் மேல் ஊதாப் பொட்டு

நவம்பர் முதல் ஞாயிறு மாமனார் வெய்க்கோ தொலைபேசியில் அழைத்தார். ஜூனில் மனைவி லின்னியாவை அடக்கம் செய்த பிறகு நீல் அவர் குரலைக் கேட்பது அதுதான் முதல் முறை.

“மாப்ள, இந்த வருஷம் கேம்ப்புக்கு வந்துரு.”

“கால் எப்படி இருக்கு, மாமா?”

“கால் இருக்கு. அது போதும். நீ புது ட்ரிக்கர் ஒண்ணு மாட்டிக்கிட்டு வா. எல்லார் முன்னாடியும் தட்டிக் காட்டு. அப்புறம் போன வருஷம் நடந்ததை உன் வாயால சொல்லிரு. விரல் பட்டுருச்சுன்னு ஒரு வார்த்தை. அத்தோட முடிஞ்சுது. உன் முளை காலியாத்தான் இருக்கு.”

வருகிறேன் என்றான் நீல்.

கேம்ப் என்பது பெரிய ஏரிக்குத் தெற்கே, காட்டுக்குள் இருக்கும் மரவீடு. மான் வேட்டை பதினைந்தாம் தேதி தொடங்கும். பதினான்காம் தேதி மதியமே எட்டுப் பேரும் வந்து சேர்ந்துவிடுவார்கள். சுவரில் எட்டு முளைகள், ஆளுக்கு ஒன்று. துப்பாக்கியை அதில் தொங்கவிடும் முன் வெய்க்கோ ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

“தொட்டதா, தொடாததா?”

போன பருவத்துக்குப் பிறகு விசையில் யாராவது கை வைத்திருந்தால் அது தொட்டது. அதைக் காலி செய்து, விசையை ஏற்றி, அடிக்கட்டையால் தரையில் மூன்று முறை தட்ட வேண்டும். தோட்டா அறையை அடைக்கும் போல்ட்டை வேகமாக அடித்து மூட வேண்டும். விரல் படாமலே விசை ‘டிக்’ என்று விழுந்தால் துப்பாக்கி வண்டிக்குத் திரும்பும். தொடாதது என்றால் சோதனை கிடையாது. சொன்னவன் சொல்தான். ஐம்பது வருடமாக அப்படித்தான்.

போன வருடம் நீல் ‘தொடாதது’ என்றான். மறுநாள் விடியலில் வாசலில் நின்று தோட்டா ஏற்றி போல்ட்டை மூடினான். வெடித்தது. குண்டு வாசற்கல்லில் பட்டுச் சிதறியதில் ஒரு துண்டு வெய்க்கோவின் கணுக்காலுக்குள் போனது.

தடித்த கையுறை போட்டிருந்தான். விரல் விசைக்கு வெளியே இருந்ததாகத்தான் அவனுக்கு ஞாபகம். ஆனால் சுற்றி நின்ற அத்தனை பேரும் விரல்தான் என்றார்கள். “கையுறையோட ஏத்தினா இப்படித்தான் ஆகும், மச்சான்,” என்றான் லின்னியாவின் அண்ணன் ரெய்னோ. அதிகாரி வந்து எல்லாரும் சொன்னதை எழுதிக்கொண்டு போனார். துப்பாக்கியை யாரும் கழற்றிப் பார்க்கவில்லை. ஒரு மாதம் போனதும், விரல் எங்கே இருந்தது என்று நீலுக்கே நிச்சயமில்லை.

துப்பாக்கி அலமாரிக்குள் போனது. அவன் அதைத் திரும்ப எடுக்கவில்லை. அதற்குள் லின்னியாவுக்கு உடம்புக்கு வந்துவிட்டது.

மே மாதக் கடைசியில், மருத்துவமனைக் கட்டிலில் அவள் சொன்னாள்: “அப்பா கால் விஷயத்துல நான் உன்னை மன்னிச்சுட்டேன், நீல்.” அவன் அவள் உள்ளங்கையில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். கோடை முழுவதையும் அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டுதான் கடந்தான்.

புது விசை புதன்கிழமை தபாலில் வந்தது. சனிக்கிழமை காலை சமையலறை மேசையில் துணி விரித்துத் துப்பாக்கியை எடுத்து வைத்தான். போல்ட்டை உருவினான். கட்டையின் இரண்டு திருகுகளைக் கழற்றி இரும்பைத் தனியே தூக்கினான். பழைய விசைக்கூடு கண்ணுக்கு நேரே வந்தது.

தொழிற்சாலையில் விசையின் திருகுகளை முடுக்கி, மேலே மஞ்சள் அரக்குப் போல ஒன்றைப் பூசி அடைத்து அனுப்புவார்கள். அது சுரண்டப்பட்டிருந்தது. அதற்கு மேல் கரும் ஊதா நிறத்தில் ஒரு பொட்டு.

நீல் அதை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பிப் பிடித்தான்.

கேம்ப்பில் விசை வேலை தெரிந்தவன் ரெய்னோ மட்டும்தான். யார் வீட்டில் சரிசெய்தாலும், திருகு நகராமலிருக்க அந்த வீட்டுப் பெண்களிடம் நகச்சாயம் கேட்டு வாங்கி ஒரு சொட்டு வைப்பான். கேம்ப்பின் இன்னொரு வேட்டைக்காரர் ஹார்வியின் துப்பாக்கியில் ரோஸ் நிறம். அதைச் சொல்லி வருடா வருடம் சிரிப்பார்கள்.

குளியலறைத் தட்டில் லின்னியாவின் சாமான்கள் அப்படியே இருந்தன. சிறிய புட்டியை எடுத்து வந்து துப்பாக்கிக்குப் பக்கத்தில் வைத்தான். இரண்டும் ஒரே நிறம்.

கட்டையைத் திரும்ப மாட்டினான். காலித் துப்பாக்கியில் போல்ட்டைச் செருகி மூடினான். ஒன்றுமில்லை. மறுபடி கொஞ்சம் அழுத்தி மூடினான். டிக். ஒரு விரல்கூட விசைப் பக்கம் இல்லை. இன்னொரு முறை மூடினான். டிக்.

பிறகு எல்லாவற்றையும் மறுபடி பிரித்து, விசையைப் பிடித்திருந்த இரண்டு ஊசிகளையும் தட்டி எடுத்து, புது விசையைப் பொருத்தினான். பழையதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ரெய்னோ வீட்டுக்கு வண்டியை எடுத்தான்.

ரெய்னோ கராஜில் பனி தள்ளும் எந்திரத்துக்குக் கீழே படுத்திருந்தான். நீல் குனிந்து உள்ளங்கையை நீட்டினான்.

“எப்போ?”

ரெய்னோ பொட்டைப் பார்த்தான். எழுந்து கையைத் துடைத்தான். நடிக்கவில்லை.

“அக்டோபர்ல. நீ காலேஜ் வேலையா டெட்ராய்ட் போயிருந்த. லின்னிதான் கூப்பிட்டா. ட்ரிக்கர் கல்லு மாதிரி இருக்குன்னு ரெண்டு வருஷமா புலம்புறான், லேசாக்கிக் கொடுண்ணேன்னா. உன் பிறந்தநாளுக்காம். மான் விழுந்த பிறகு சொல்லணும், அதுவரைக்கும் மூச்சு விடாதேன்னா.”

“மேசையில நான் தொடாததுன்னு சொன்னப்போ நீ எனக்கு எதிர்லதான் உட்கார்ந்திருந்த.”

“சிரிப்பை அடக்கிக்கிட்டு இருந்தேன்.”

“சோதிச்சியா?”

“உங்க வீட்டுல வச்சே மெதுவா மூடிப் பார்த்தேன், மச்சான். கதகதன்னு இருந்த ரூம்ல. குளிர்ல எப்படி இருக்கும்னு யோசிக்கல. ஒரு சுத்து அதிகமாத் திருப்பிட்டேன்.”

“சரி. வெடிச்ச பிறகு?”

ரெய்னோ தரையைப் பார்த்தான். “சொல்லத்தான் போனேன். ஆஸ்பத்திரி வராந்தாவுல அவ என் கையைப் பிடிச்சுக்கிட்டா. அப்பா இனிமே நம்ம ரெண்டு பேர் மூஞ்சிலயும் முழிக்க மாட்டாரு. இதை விட்டுரு. நீல் தாங்கிப்பான்னா.”

“அப்படியா சொன்னா?”

“அப்படித்தான் சொன்னா.”

“என்னை மன்னிச்சுட்டேன்னு சொன்னா, ரெய்னோ. சாகிறதுக்கு ரெண்டு வாரம் முன்னாடி.”

“அது எனக்குத் தெரியாது.”

“இப்போ தெரிஞ்சுக்கோ.”

வண்டி வரைக்கும் அவன் பின்னாலேயே வந்தான். “என்னை என்ன வேணா சொல்லு. அவளை மட்டும் இழுக்காத. அப்பா தினமும் அவ போட்டோவை வச்சுக்கிட்டுத்தான் காபி குடிக்கிறாரு.”

நீல் வண்டியில் ஏறிக் கதவை மூடினான்.

பதினான்காம் தேதி மதியம் கேம்ப்பில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. வெளியே சானா என்ற நீராவிக் குளியலறைக்கு யாரோ விறகு அடுக்கிக்கொண்டிருந்தார்கள். ஹார்வி இறைச்சி அடைத்த பேஸ்டிகளைத் தட்டில் அடுக்கியபடி, “வாப்பா வாத்தியாரே. எல்லாரும் காலை மேல தூக்கிக்குங்க,” என்றார். சிரித்தார்கள். நீலும் உதட்டை அசைத்தான்.

“தொட்டதா, தொடாததா?” என்றார் வெய்க்கோ. ஊன்றுகோல் அவர் முழங்காலில் சாய்ந்திருந்தது.

“தொட்டது.”

மூன்று முறை தட்டினான். போல்ட்டை அடித்து மூடினான். விசை அசையவில்லை. வெய்க்கோ தலையசைத்தார்.

“இப்போ சொல்லிரு, மாப்ள.”

நீல் பழைய விசையை எடுத்து மேசை விரிப்பின் மேல் வைத்தான்.

“போன வருஷமும் இது தொட்டதுதான். எனக்குத் தெரியாது. என் விரல் வெளியில இருந்துச்சு.”

ஹார்வி குனிந்து பார்த்துவிட்டுப் பழக்க தோஷத்தில், “இது யார் வீட்டு நகம்?” என்றார். கேட்ட பிறகுதான் அவருக்கே உறைத்தது. எட்டுப் பேருக்கும் ரெய்னோவின் வழக்கம் தெரியும். எந்த வீட்டுத் துப்பாக்கியோ அந்த வீட்டு நகச்சாயம்.

ரெய்னோ எழுந்தான். முகம் வெளுத்திருந்தது.

“நான்தான் செஞ்சேன்பா. நீல் ஊர்ல இல்லாதப்போ. அவனுக்கு ஆச்சரியமா இருக்கட்டும்னு என் வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிட்டேன். சாயம் என் பொண்டாட்டியோடது. அப்புறம் பயந்துட்டேன்.”

வெய்க்கோ மகனைப் பார்க்கவில்லை. விசையைக் கையில் எடுத்தார். கட்டைவிரல் நகத்தால் அந்தப் பொட்டைத் தடவினார். நெடுநேரம் தடவினார்.

“அப்படியா, மாப்ள?”

நீல் ரெய்னோவைப் பார்த்தான். அடுப்பைப் பார்த்தான். ஒரு வார்த்தை போதும். இங்கே சொன்னவன் சொல்தான். இந்த ஒரு வார்த்தையை ஒரு வருடத்துக்கு முன்பே எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் லின்னியா ஆஸ்பத்திரி வராந்தாவில், நீல் தாங்கிப்பான் என்றிருக்கிறாள் என்று தோன்றியது.

“ஆமா, மாமா.”

“ரெய்னோ, உன் துப்பாக்கியை எடுத்துக்கோ,” என்றார் வெய்க்கோ. “கிளம்பு.”

ரெய்னோ முளையிலிருந்து துப்பாக்கியை எடுத்தான். கதவு திறந்து மூடியது. வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது.

வெய்க்கோ விசையை மேசையில் வைத்துவிட்டு, கையைக் குறுக்கே நீட்டி நீலின் மணிக்கட்டைப் பிடித்தார். “ஒரு வருஷமா உன்னைத் தப்பா நினைச்சுட்டேன். நாங்க எல்லாரும்தான். லின்னி ஒருத்திதான் உன்னை ஒரு வார்த்தை குத்தம் சொல்லாதவ.”

“என்கிட்ட மன்னிச்சுட்டேன்னு சொன்னா, மாமா.”

“சொல்லியிருப்பா. பாவம், அவளுக்கும் தெரியாதே.”

நீல் மணிக்கட்டை மெல்ல விடுவித்துக்கொண்டான். துப்பாக்கியைத் தன் முளையில் தொங்கவிட்டான். பழைய விசை மேசையிலேயே கிடந்தது. அவன் அதை எடுக்கவில்லை.

அடுத்து ஹார்வி. தன் துப்பாக்கியைக் கொண்டு வந்து நின்றார்.

“தொட்டதா, தொடாததா?”

“தொடாதது,” என்று சொல்லிக்கொண்டே ஹார்வி சுவரை நோக்கி நடந்தார்.

“நில்லு,” என்றார் வெய்க்கோ. அவர் கண் மேசைமேல் கிடந்த விசையின் ஊதாப் பொட்டில் இருந்தது. “இருக்கட்டும். தட்டிக் காட்டு.”